டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறது பள்ளி: என் மகனுக்கு நான் எங்கிருந்து தொடங்குவது?

வாசகர் கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. தனியார் மெட்ரிக் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். கடைக்கு வருகிறவர்களில் யார் எவ்வளவு பாக்கி என்பதை மனத்திலேயே வைத்திருந்து சரியாகச் சொல்வான். அதையே நோட்டில் எழுதச் சொன்னால், ‘துவரம் பருப்பு’ என்பதை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுகிறான். நான்காம் வகுப்பு படிக்கும் அவன் தங்கைதான் பாடத்தைப் படித்துக் காட்டுகிறாள். ஒருமுறை கேட்டால் பதிலைச் சொல்லிவிடுகிறான். பரீட்சையில் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வருகிறான். பள்ளியில் ‘சோம்பேறி’ என்று இம்போசிஷன் கொடுக்கிறார்கள். இந்த ஆண்டு முடிந்ததும் டி.சி. வாங்கிச் சிறப்புப் பள்ளியில் சேர்க்கும்படியும், இல்லாவிட்டால் பத்தாம் வகுப்பில் தங்கள் தேர்ச்சி விகிதம் கெட்டுவிடும் என்றும் முதல்வர் சொல்கிறார். என் கணவர், ‘ரெண்டு போட்டால் படிப்பான்’ என்கிறார். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். சரக்குச் சீட்டு எழுத இன்றும் என்னைத்தான் கூப்பிடுவார். என் மகனுக்கு மூளை வளர்ச்சி குறைவா? பள்ளி அவனை வெளியே அனுப்ப முடியுமா? அவனுடைய நோட்டிலிருந்து மூன்று பக்கங்களை நகல் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

சிறப்புக் கல்வியாளரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் நாள் கணக்கு இருக்கிறது. டி.சி. வேண்டும் என்று நீங்கள் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். மாற்றுச் சான்றிதழ் பொதுவாகப் பெற்றோரின் விண்ணப்பத்தின் பேரில்தான் வழங்கப்படுகிறது. ‘ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று அலுவலகத்தில் இனிமையாகத்தான் கேட்பார்கள். நீங்கள் கையெழுத்திட்ட அந்த நிமிடத்திலிருந்து, பள்ளி பிள்ளையை அனுப்பியது என்ற உண்மை மறைந்து, பெற்றோர் விருப்பத்தின் பேரில் மாணவர் விலகினார் என்பதே பதிவாக நிற்கும். அதன் பிறகு எந்த அதிகாரியிடம் போனாலும் உங்கள் கையெழுத்தைத்தான் உங்களிடம் காட்டுவார்.

பள்ளி அவனை வெளியே அனுப்ப முடியாது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. 2019இல் அந்தப் பிரிவைத் திருத்தியபோது, ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் தேர்ச்சி பெறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்தி வைக்க மாநிலங்களுக்கு இடம் கொடுத்தார்களே தவிர, நீக்கக் கூடாது என்பதில் கை வைக்கவில்லை. அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. வகுப்பு முழுவதும் கேட்க ஒரு பிள்ளையை நாள்தோறும் சோம்பேறி என்று அழைப்பதும் துன்புறுத்தல்தான் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் பள்ளி சிறுபான்மையினர் நடத்தும் பள்ளியாக இருந்தால், 2014இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி இந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று சொல்வார்கள். அப்போதும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, அரசின் நிதியுதவி பெறும் பள்ளிகளையும் அரசின் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் ஒருசேரக் குறிப்பிட்டு, பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், தேவைக்கேற்ற நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும், கற்றல் குறைபாட்டை எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் கண்டறிந்து அதற்கேற்ற கற்பித்தல் முறைகளைக் கையாள வேண்டும் என்று சொல்கிறது. கண்டறிவதைச் சட்டம் பள்ளியின் கடமைகளுக்குள் வைத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஏழு ஆண்டுகளாக உங்கள் மகனின் நோட்டைத் திருத்தியவர்கள் செய்திருக்க வேண்டிய வேலையைத்தான் இப்போது நீங்கள் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. நோட்டுப் பக்கங்களை மட்டும் பார்த்து ஒரு பிள்ளைக்கு ஒரு பெயரைச் சூட்ட நான் துணிய மாட்டேன். ஆனால் அந்தப் பக்கங்களில் நான் என்ன பார்த்தேன் என்பதைச் சொல்கிறேன். ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்றும், ‘மணம்’ எழுத வேண்டிய இடத்தில் ‘மனம்’ என்றும் எழுதியிருப்பதை ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்திருக்கிறார். அவற்றை நான் பொருட்படுத்தவில்லை, ஏனென்றால் லகர ளகரத்திலும் னகர ணகரத்திலும் தடுமாறாத பிள்ளைகள் நம் ஊரில் குறைவு. என் கண் நின்றது வேறு இடத்தில். ‘கொடுத்தான்’ என்ற சொல்லை அவன் ஓரிடத்தில் கொம்பை விட்டுவிட்டு எழுதியிருக்கிறான். இன்னோரிடத்தில் கொம்பைப் போட்டுத் துணைக்காலை விட்டிருக்கிறான். மூன்றாவது இடத்தில் இரண்டையும் போட்டு, கொம்பை ககரத்திற்குப் பின்னால் வைத்திருக்கிறான். காதுக்கு ‘கொ’ என்பது ஒரே ஒலி. கைக்கோ அது மூன்று வேலை: முதலில் இடப்பக்கம் ஒற்றைக்கொம்பு, பிறகு எழுத்து, பிறகு வலப்பக்கம் துணைக்கால். ஒலியைப் பிரித்து எழுத்தோடு இணைக்கும் பாதை மூளையில் இயல்பாக அமையாத பிள்ளைக்கு, இந்த இடத்தில்தான் கால் இடறும். ஒரே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்கிற பிள்ளை அதைத் தவறாகக் கற்றிருக்கிறான் என்று பொருள். ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுகிற பிள்ளைக்கு அந்தச் சொல்லின் எழுத்து வடிவம் மனத்தில் தங்கவே இல்லை. உங்கள் கடை நோட்டில் துவரம் பருப்புக்கு நேர்ந்ததும் அதுவே.

மூன்றாவது பக்கத்தில் அழிரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் ஓட்டையாகியிருக்கிறது. சோம்பேறிப் பிள்ளையின் நோட்டில் இந்த ஓட்டை விழாது.

கேட்டதை ஒரே தடவையில் திருப்பிச் சொல்வதும், பத்துப் பேரின் பாக்கியை மனத்தில் நிறுத்துவதும், எழுத்தில் மட்டும் தடுமாறுவதும் சேர்ந்து வரும்போது, டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் தடுமாற்றம்) உள்ளிட்ட கற்றல் குறைபாட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அது அறிவு வளர்ச்சிக் குறைபாட்டிலிருந்து முற்றிலும் வேறானது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன, கற்றல் குறைபாடு அவற்றில் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டபோதுதான் அது இடம்பெற்றது. உங்கள் மகனுடைய ஆசிரியர்களில் பலர் படித்த காலத்தில் இந்தப் பிள்ளைகளுக்குச் சட்டத்தில் ஒரு பெயரே இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அவர்களிடம் பேசும்போது உங்கள் குரலில் கோபம் சற்றுக் குறையும். அது பேச்சுக்கு நல்லது.

என்னிடம் வரும் பெற்றோர் பெரும்பாலானோர் ஒரு இடத்தில் குழம்பி ஓராண்டை, சில சமயம் இரண்டு ஆண்டுகளை இழந்துவிடுகிறார்கள். ‘சான்றிதழ் வந்தால்தான் எதுவும் செய்ய முடியும்’ என்று பள்ளி சொல்லும். பெற்றோரும் மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் அலைவார்கள். அதற்குள் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போய்விடுவான். பொதுத் தேர்வில் சலுகை பெறத்தான் சான்றிதழ் இன்றியமையாதது. வகுப்பறையில் உதவி செய்வதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. முன் பெஞ்சில் உட்கார வைப்பதற்கும், வாய்மொழியாகக் கேள்வி கேட்பதற்கும், பக்கத்து மாணவனின் நோட்டை நகல் எடுத்துக்கொள்ள விடுவதற்கும் எந்த மருத்துவக் குழுவின் முத்திரையும் வேண்டியதில்லை. ஆசிரியரின் மனம் ஒப்பினால் போதும், முதல்வரின் ஒரு வரிக் குறிப்பு இருந்தால் இன்னும் நல்லது. ஆகவே இரண்டு வேலைகளையும் தனித்தனியாக, ஒரே சமயத்தில் தொடங்குங்கள்; ஒன்று முடியட்டும் என்று மற்றொன்றை நிறுத்தி வைக்காதீர்கள்.

பள்ளிக்கான வேலை ஒரு கடிதத்தில் தொடங்குகிறது. இதுவரை நீங்கள் நேரில் போய்த்தான் கேட்டிருப்பீர்கள், சில சமயம் அழுதும் இருப்பீர்கள். வாய்மொழியாகக் கேட்டதற்கு எந்தத் தடயமும் இல்லை. ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல், தேதியிட்டு, முதல்வருக்கு இப்படி எழுதுங்கள்:

‘ஏழாம் வகுப்பில் பயிலும் என் மகன் வாய்மொழியாகப் பாடங்களை நன்கு சொல்கிறான், வாசிப்பதிலும் எழுதுவதிலும் கடுமையாகத் தடுமாறுகிறான். கற்றல் குறைபாடு இருக்கலாம் என்று கருதி அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல இருக்கிறோம். முடிவு வரும்வரை, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 16ஆவது பிரிவின்படி, அவனுக்குக் கீழ்க்காணும் உதவிகளைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அவனை இதே பள்ளியில் தொடர்ந்து படிக்க வைக்கவே நாங்கள் விரும்புகிறோம்.’

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். டி.சி. பற்றிய பேச்சு இனி எப்போது எழுந்தாலும் அதுவே உங்கள் பதில். உதவிகளைக் கேட்கும் இடத்தில், ‘தனிக் கவனம் செலுத்தவும்’ என்பது போன்ற பொத்தாம்பொதுவான சொற்களை எழுதாதீர்கள். அப்படிக் கேட்டால், ‘செலுத்திக்கொண்டுதான் இருக்கிறோம்’ என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். செய்தார்களா இல்லையா என்று கண்ணால் பார்க்கக்கூடியதை மட்டுமே கேளுங்கள். உங்கள் மகனுக்கு நான் கேட்கச் சொல்வது ஐந்துதான். இம்போசிஷன் முற்றிலும் நிற்க வேண்டும். முன்கூட்டிச் சொல்லாமல் வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொல்லக் கூடாது. கரும்பலகையில் இருப்பதை முழுதும் எழுதி முடிக்காவிட்டாலும், இன்னொரு மாணவரின் குறிப்பை நகல் எடுத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும். அறிவியலிலும் சமூக அறிவியலிலும் கருத்து சரியாக இருந்தால் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. மாதாந்திரத் தேர்வுகளில் கேள்வித்தாளை ஒருமுறை படித்துக் காட்டி, எழுத முடியாத விடைகளை வாய்மொழியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடிதத்தை இரண்டு பிரதிகளாக எடுத்துப் போய், ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம். அன்றே தபால் நிலையத்துக்குப் போய் ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

கடிதம் போய்ச் சேர்ந்த மறுவாரம் வகுப்பாசிரியரைப் பாருங்கள், முதல்வரை அல்ல. நாற்பது பிள்ளைகளோடு நாள் முழுவதும் நிற்பவர் அவர். அவர் நினைத்தால் அந்த ஐந்தில் மூன்றை நாளைக் காலையிலேயே செய்துவிடுவார். அவரிடம் சட்டத்தைப் பற்றிப் பேசாதீர்கள். கடை நோட்டின் பக்கத்தையும், அவன் வாய்மொழியாகச் சொல்லும் பாடத்தை உங்கள் கைபேசியில் பதிவு செய்ததையும் எடுத்துப் போங்கள். இரண்டு நிமிடம் அவன் குரலில் ஒரு பாடத்தைக் கேட்ட ஆசிரியர், பிறகு அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்வது கடினம். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு சிறுமியை அழைத்து வந்தார்கள். தமிழ் வகுப்பு வந்தால் தண்ணீர் குடிக்கப் போகிறாள், குறும்புக்காரி என்பது புகார். வரிசையாக ஒவ்வொருவரும் ஒரு பத்தி வாசிக்கும் அந்த வகுப்பில், தன் முறை எந்தப் பத்தியில் வரும் என்று பெஞ்சுகளை எண்ணிக் கணக்கிட்டு, அதற்கு முந்தைய பத்தி தொடங்கும்போது அவள் எழுந்து போயிருக்கிறாள். அதைக் கேட்ட அவளுடைய ஆசிரியை சிறிது நேரம் பேசவே இல்லை. அடுத்த வாரத்திலிருந்து, மறுநாள் வாசிக்க வேண்டிய பத்தியை முதல் நாள் மாலையே அவளுக்குக் குறித்துக் கொடுத்துவிடுவார்; தண்ணீர் குடிக்கப் போவது நின்றது.

பரிசோதனைக்கு உங்கள் ஊரிலிருந்து பக்கம் முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் எங்கே என்று அங்கு கேளுங்கள், அல்லது மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். சென்னைக்கு வர முடிந்தால், முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. எங்கே போனாலும் மூன்று படிகள் உண்டு. முதலில் கண்ணும் காதும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். இதை அலட்சியப்படுத்தாதீர்கள், கண்ணாடி போட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அடுத்து நுண்ணறிவுச் சோதனை. அறிவுத்திறன் இயல்பான அளவில் இருக்கும்போதுதான் கற்றல் குறைபாடு என்ற முடிவுக்கு வருவார்கள் என்பதால், உங்கள் முதல் கேள்விக்கான உறுதியான பதில் இந்தப் படியில் கிடைத்துவிடும். மூன்றாவதாக, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைக் கொண்டு வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றைத் தனித்தனியாக ஆராய்வார்கள். ஒரே நாளில் முடியாது. கடையை யார் பார்த்துக்கொள்வது என்று இரண்டு மூன்று நாள்களுக்கு முன்னேற்பாடு செய்துகொள்ளுங்கள். பொதுவாக எட்டு வயதுக்குப் பிறகே கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் வழங்குவார்கள், பதினான்கு வயதில் மறுபடியும் பரிசோதிப்பார்கள். உங்கள் மகன் இப்போது பன்னிரண்டில் இருப்பதால், இப்போது ஒருமுறையும் ஒன்பதாம் வகுப்பில் ஒருமுறையும் போக நேரிடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கை வந்த பின் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கேட்டால் அதற்கு உதவி செய்வார்கள்.

சான்றிதழ் வாங்கினால் ‘ஊனம்’ என்ற முத்திரை விழுந்துவிடும் என்று வீட்டில் யாராவது சொல்லக்கூடும். அது உங்கள் பீரோவில் இருக்கும் தாள். காட்ட வேண்டிய இடத்தில் காட்டலாம், மற்ற இடத்தில் யாருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை.

அந்தத் தாளின் பயன் பத்தாம் வகுப்பில் தெரியும். தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம், டிஸ்லெக்சியா உள்ள மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறது. சொல்வதை எழுதுபவரை அனுமதிக்கிறது. இரு மொழிப் பாடங்களில் ஒன்றிலிருந்து விலக்கு அளிக்கிறது. எழுத்துப் பிழைகளைப் பொருட்படுத்தாமல் திருத்தச் சொல்கிறது. இவை தாமாக வருவதில்லை, பள்ளியின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு ஆண்டு தொடங்கியதுமே கேட்டால்தான் ஆவணங்கள் உரிய காலத்தில் போய்ச் சேரும். சொல்வதை எழுதுபவரோடு தேர்வு எழுதுவது தனிப் பழக்கம். மனத்தில் விடையை வாக்கியமாக்கி, நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். அதை எட்டாம் வகுப்பிலேயே வீட்டில் பழக்கத் தொடங்குங்கள். சலுகை பெறக் குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று யாராவது திருப்பி அனுப்பினால், எழுதுவதில் சிரமமுள்ள ஒரு தேர்வர் தொடுத்த வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்த அளவுகோல் இல்லாவிட்டாலும் எழுதுபவரின் உதவி கேட்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்திருப்பதைச் சுட்டிக்காட்டுங்கள். மொழி விலக்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: கிடைக்கிறது என்பதற்காக அவசரப்பட்டு எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டிலும் கடையிலும் வாழ்நாள் முழுதும் புழங்கப்போவது தமிழ் எழுத்து. அதைக் கற்றுக்கொடுக்க இன்னும் மூன்று ஆண்டுகள் கையில் இருக்கின்றன.

சிறப்புப் பள்ளி அவனுக்குத் தேவையில்லை என்றே, அறிக்கை வேறுவிதமாகச் சொல்லாதவரை, நான் கருதுகிறேன். தேசியத் திறந்தநிலைப் பள்ளியையும் உங்களிடம் சொல்வார்கள். ஒரு மொழியோடு மொத்தம் ஐந்து பாடங்களைத் தேர்ந்தெடுத்துப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் பெற முடிகிற அது நல்ல வழிதான், பல பிள்ளைகளை அதில் சேர்த்து வெற்றி கண்டிருக்கிறேன். ஆனால் அதை நீங்களும் மகனும் கலந்து பேசித் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ச்சி விகிதத்துக்காகப் பள்ளி தள்ளிவிடும் இடமாக அது ஆகக் கூடாது. பள்ளி மாறுவதைப் பற்றியும் எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. பணியில் சேர்ந்த புதிதில், ஒரு பள்ளி உதவ மறுத்தபோது, மனம் பொறுக்காமல் ஒரு குடும்பத்தை வேறு பள்ளிக்குப் போகச் சொன்னேன். இரண்டு ஆண்டுகளில் அந்தப் பையன் மூன்று பள்ளிகளைப் பார்த்தான். ஒவ்வொன்றிலும் மறுபடியும் முதலிலிருந்து சோம்பேறி என்று பெயரெடுத்தான். இருந்த இரண்டு நண்பர்களையும் இழந்தான். இருக்கும் பள்ளியில் இன்னும் ஒரு ஆண்டு எழுத்துப்பூர்வமாகப் போராடியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

கடிதம் கொடுத்து ஒரு மாதமாகியும் பள்ளி அசையாவிட்டால், முத்திரை பெற்ற நகலை இணைத்து, தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் எழுதுங்கள். குறைபாடுள்ள பிள்ளைகளின் சேர்க்கை, வசதிகள் பற்றிய பொறுப்புக்கென்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்துக்கான 2017ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. அவர் யார் என்றே முதல் வரியில் கேளுங்கள். அதற்கும் மேலே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். விசாரணையில் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் உண்டு. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. சட்டப் பிரிவின் எண்ணோடு ஒரு தாய் எழுதிய கடிதம் கோப்பில் இருக்கிறது என்பதே பல பள்ளிகளில் பேச்சின் தொனியை மாற்றிவிடும்.

வாசிப்புக்கான பயிற்சி தனி. க, கா, கி, கீ என்று வரிசையாக ஒப்பிக்க வைப்பது உங்கள் மகனுக்கு உதவாது. அப்படிக் கற்ற பிள்ளைகளிடம் நடுவிலிருந்து ‘கு’வைக் காட்டினால், ‘க’விலிருந்து தொடங்கி விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்து ஐந்தாவது விரலில் ‘கு’ என்பார்கள். அவர்களுக்கு அது பாட்டு, எழுத்தல்ல. ஒரு வாரம் துணைக்கால் மட்டும், அடுத்த வாரம் ஒற்றைக்கொம்பு மட்டும் என்று, அது வரும் சொற்களைக் கடையிலிருந்தே எடுத்து, சொல்லைக் கைதட்டிப் பிரித்து, தட்டிற்கு ஓர் எழுத்து என்று எழுத வையுங்கள். பட்டாணி, மிளகாய், வெந்தயம், வெல்லம், கொத்தமல்லி: உங்கள் கடையில் இருப்பதைவிட நல்ல பாடநூல் எனக்குத் தோன்றவில்லை. நாளுக்கு இருபது நிமிடம் போதும். முறையான பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர் வாரம் இரண்டு நாள் கிடைத்தால் இன்னும் வேகமாக நகரும். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் விசாரியுங்கள். மூளையைத் தூண்டும் வகுப்பு, நினைவாற்றல் லேகியம், வண்ணக் கண்ணாடி என்று யார் வந்தாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரியை நான் இருமுறை படித்தேன். கற்றல் குறைபாடு குடும்பத்தில் தொடர்ந்து வருவது உண்டு. எட்டாம் வகுப்போடு நின்ற, கடையை நன்றாக நடத்துகிற, சீட்டு எழுத மட்டும் மனைவியை அழைக்கிற ஒருவர், சின்ன வயதில் எத்தனை அடி வாங்கியிருப்பார் என்று நமக்குத் தெரியாது. ‘ரெண்டு போட்டால் படிப்பான்’ என்பது அவருக்குச் சொல்லப்பட்ட வாக்கியமாகவே இருக்கலாம். இதை ஒரு கண்டுபிடிப்பாக அவர்முன் வைக்காதீர்கள். கடை சாத்திய பிறகு ஓர் இரவு, ‘உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் எது கஷ்டமாக இருந்தது?’ என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் சொல்லும்வரை காத்திருங்கள். பரிசோதனைக்குப் போகும்போது அவரையும் உடன் அழைத்துப் போங்கள். மருத்துவர் மகனிடம் கேட்கும் கேள்விகளை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது நீங்கள் நூறு முறை விளக்குவதைவிட மேலானது.

மகனிடமும் மறைக்காதீர்கள். பன்னிரண்டு வயதில் அவன் தனக்குத்தானே ‘முட்டாள்’ என்று ஏற்கெனவே ஒரு விளக்கம் கொடுத்து வைத்திருப்பான். எழுத்தை அடையாளம் காணும் வேலை மட்டும் அவனுக்குக் கடினம், அதற்கு ஒரு பெயர் இருக்கலாம், அதைப் பார்க்கத்தான் மருத்துவமனைக்குப் போகிறோம் என்று நேராகச் சொல்லுங்கள். தங்கை படித்துக் காட்டுவது அவனுக்கு எப்படி இருக்கிறது என்றும் தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால், பாடநூலை நீங்கள் வாசித்துக் கைபேசியில் பதிவு செய்து கொடுங்கள். அவனே விரும்பிய நேரத்தில் கேட்டுக்கொள்வான்.

மருத்துவமனைக்குப் போகும் நாளில் பள்ளி நோட்டுகளோடு அந்தக் கடை நோட்டையும், ஓட்டை விழுந்த அந்தப் பக்கத்தின் மூலத்தையும் எடுத்துப் போங்கள். நகலில் ஓட்டை கறுப்புப் புள்ளியாகத்தான் தெரிகிறது. அறிக்கை கைக்கு வந்ததும் அதன் நகலையும், பள்ளி முத்திரையிட்ட உங்கள் கடிதத்தின் நகலையும் எனக்கு அனுப்புங்கள். அதிலுள்ள எண்களுக்கு என்ன பொருள் என்பதையும், ஐந்து உதவிகளில் எவற்றை எட்டாம் வகுப்புக்கு மாற்றி எழுத வேண்டும் என்பதையும் அப்போது எழுதுகிறேன்.